தற்காலிக இணைப்பு

வடமேல் கரை வள்ளப் பதிவுச் சபையைக் குறை சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. குறை சொல்வதென்றால் அதை வாசலில் இருக்கும் முறைப்பாட்டுப் பெட்டியில் போட வேண்டும். பெட்டிப் பூட்டின் திறப்புத் தொலைந்துபோய், பழைய முறைப்பாடுகளே வாய்வரை நிரம்பி நிற்கின்றன. ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். கோபம் வந்தால் நீங்களே பட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஏற்கெனவே போதுமானது இருக்கிறது.

நடந்தது எத்தாளை ஊர் ஹில்மிக்கு. ஹில்மியிடம் ஒரு வள்ளம் உண்டு. பெயர் 'றம்லா'. அவன் மனைவியின் பெயரும் அதுதான். வள்ளம் வாங்க அவள் தன் காப்பைக் கொடுத்ததால், அடையாள அட்டையில் உள்ளபடியே 'ற' போட்டு எழுத வேண்டும் என்று நின்று எழுதுவித்தாள். ஹில்மியும் அவன் கூட்டாளி பதுர்தீனும் அதில் கடலுக்குப் போய் வந்தார்கள். கடலும் இருந்தது, மீனும் இருந்தது, யாருக்கும் தொந்தரவு இல்லை.

அந்த வருடம் சபை ஒரு புதிய விதி கொண்டுவந்தது. கடலில் இறங்கும் ஒவ்வொரு வள்ளத்திலும் சபை கொடுக்கும் இலக்கத் தகடு இருக்க வேண்டும். தகடு வேண்டுமென்றால் வள்ளத்தின் விபரம் சபையின் கணினியில் இருக்க வேண்டும். புது வள்ளங்களின் விபரம் புதுக் கணினியில் இருந்தது, அவற்றுக்குத் தகடு கிடைத்தது. பழைய வள்ளங்களின் விபரம் பழைய கணினியில் இருந்தது. அந்தக் கணினியை உப்புக் காற்று தின்றுவிட்டது.

ஹில்மி சபைக்குப் போனபோது பெப்ரவரி வெயில். கடல் தகரம் விரித்ததுபோல் கிடந்தது. மே மாதத்தில் சோளகக் காற்று எழும்பிவிடும். எழும்பினால் மேற்குக் கரையில் சின்ன வள்ளங்களுக்கு வேலை இல்லை. அதற்குமுன் வலை போட்டு எடுத்தால்தான் வீட்டில் மிச்ச வருடமும் அடுப்பு எரியும். ஹில்மிக்குச் சபையின் மர வாங்கில் இருப்புக் கொள்ளவில்லை. இருந்தான், எழுந்தான், சன்னலால் கடலைப் பார்த்தான், மறுபடி இருந்தான்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் தக்ஷாயினி உடப்பு ஊர்ப் பிள்ளை. அவள் அலுமாரியைத் திறந்து, லேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். கைக்கு அடக்கமான பெட்டி.

"இதுதான் ஹார்ட் டிஸ்க், ஹில்மி நானா. கம்ப்யூட்டர்தான் செத்தது, இது உயிரோட இருக்கு. உங்கட போட்டு விபரம், வள்ளத்திட பேர், என்ஜின் இலக்கம் எல்லாம், இதுக்குள்ள பத்திரமா இருக்கு. எடுக்கத்தான் ஏலாது."

"ஏன் புள்ள?"

"இது பழைய முறை. பின்னால பாருங்க, நாப்பது ஊசி. புதுக் கம்ப்யூட்டர்ல உள்ள வாய்க்கு ஏழுதான். இது அதுக்குள்ள போகாது."

ஹில்மி ஊசிகளைப் பார்த்தான். முரல் மீனின் பல்வரிசை அவனுக்கு ஞாபகம் வந்தது. "வேற வழி இல்லியா?"

"ஏன் இல்ல? கொன்வேட்டர் எண்டு ஒரு சாமான். ஒரு பக்கம் நாப்பது, மற்றப் பக்கம் ஏழு. புத்தளம் டவுன்ல கடைக்குக் கடை தொங்குது. மாட்டினா ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்துல எல்லாம் இந்தப் பக்கம் வந்திரும்."

"அப்ப நான் போய் வாங்கிட்டு வரவா?"

தக்ஷாயினி பணிப்பாளரின் கதவைப் பார்த்தாள். "சேர்ட்ட ஒரு சொல் கேக்கணும்," என்றாள்.

இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் அந்தக் கதவு.

பணிப்பாளர் சிவசுப்பிரமணியம் நல்ல மனிதர். கோபிக்க மாட்டார், லஞ்சம் வாங்க மாட்டார், முடிவும் எடுக்க மாட்டார். நியமங்களைப் பற்றி வெளிநாட்டில் ஒரு பயிற்சி முடித்தவர். நியமம் என்றால் எந்தப் பொருளும் எந்த முறையில் இருக்க வேண்டும் என்று வகுத்துவைத்த ஒழுங்கு. அந்தப் பயிற்சியின் சான்றிதழ் அவருடைய தலைக்கு மேலே சட்டத்தில் தொங்கியது.

"தம்பி, நீங்கள் வள்ளத்தைப் பார்க்கிறீர்கள். நான் நியமத்தைப் பார்க்கிறேன்," என்று அவர் தொடங்கினார். "பழைய நியமம் என்ன? நாற்பது கம்பிகள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே நேரத்தில் ஓடுகின்றன. புதிய நியமம் என்ன? மெல்லிய வயர். ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் வேகமாக. பழையதில் எஜமான் என்று ஒன்றும் அடிமை என்று ஒன்றும் வைக்கலாம். நமது சபைக்கு அது பழக்கமான ஏற்பாடு. புதியதில் எல்லாம் சமம். அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விடயம். சபை எந்த நியமத்தைத் தழுவுவது? இதைத் தீர்மானிக்காமல் ஒரு வள்ளத்தின் விபரத்தை எடுத்தால், அந்த விபரம் எந்த நியமத்தின் கீழ் எடுக்கப்பட்டது என்று நாளைக்கு ஒருவர் கேட்கமாட்டாரா?"

"யார் சேர் கேப்பாங்க?"

"நானே கேட்பேன்," என்றார் பணிப்பாளர்.

தக்ஷாயினி கொன்வேட்டரைப் பற்றிச் சொன்னாள். பணிப்பாளர் அரச கலைச்சொல் ஏட்டைப் புரட்டினார். அதில் அந்தச் சாமான் இல்லை. தானே சொல் ஆக்கினார்: இரண்டு பக்கத்துக்கும் இடையில் நின்று காரியம் முடித்துக் கொடுப்பது எதுவோ அது இடைத்தரகர். பிறகு விரலை நீட்டி வாசல் பலகையைக் காட்டினார். 'இச்சபையில் இடைத்தரகர்களுக்கு இடமில்லை' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது.

அத்துடன் நியமத் தெரிவுக் குழு அமைக்கப்பட்டது.

குழு கூடிய முதல் நாளே ஊழியர் சங்கம் அரைநாள் வேலைநிறுத்தம் செய்தது. சங்கத் தலைவர் சிவகரன் தேநீர் கொண்டுபோனபோது கூட்டத்தில் அரைகுறையாக ஒன்றைக் கேட்டுவிட்டார். பழையதில் நாற்பது, புதியதில் ஏழு. சபையில் அப்போது நாற்பது பேர்தான் வேலை செய்தார்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வாசலில் கதிரை போட்டு ஏறி நின்று அவர் பேசினார்.

"தோழர்களே! நாற்பது பேர் செய்யும் வேலையை ஏழு பேர் செய்யலாமாம்! முப்பத்து மூன்று குடும்பத்தின் வயிற்றில் அடிக்கும் இந்தப் புதிய நியமத்தை எதிர்க்கிறோம்! இத்தனை வருடமாக இந்தச் சபையில் ஏழு பேர்கூட வேலை செய்ததில்லை என்பதை நிர்வாகத்துக்கு ஞாபகப்படுத்துகிறோம்!"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. அது ஊசிக் கணக்கு என்று தக்ஷாயினி விளக்கியபோது, ஊசிகளுக்கும் உரிமை உண்டு என்று சங்கம் ஒரு பின்குறிப்பைச் சேர்த்தது. ஹில்மி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். மார்ச் மாதம் பாதி போய்விட்டது. கடலில் இன்னும் சுருக்கம் விழவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

குழுவால் முடியாததைத் தலைமைக் காரியாலயத்திடம் கேட்பது என்று முடிவானது. 'எத்தாளை ஹில்மியின் றம்லா தொடர்பில் பழைய இணைப்பா புதிய இணைப்பா என அறியத்தரவும்' என்று கடிதம் போனது. கடிதம் இங்கிருந்து தமிழில் புறப்பட்டு, கொழும்பில் சிங்களமாகி, பதில் எழுதப்பட்டு, திரும்பும்போது மறுபடி தமிழானது. வழியில் எங்கோ 'இணைப்பு' இறங்கிக்கொள்ள, 'சம்பந்தம்' ஏறிக்கொண்டது. பிரதி ஒன்று ஹில்மியின் வீட்டுக்கே தபாலில் வந்தது. அவன் கரையில் நின்றான். பிரித்தது றம்லா.

'ஐயா, றம்லாவுடனான பழைய சம்பந்தத்தைக் கைவிட்டுப் புதிய சம்பந்தம் செய்யத் தாங்கள் விரும்புவதாக அறிகிறோம். பழைய சம்பந்தம் முறைப்படி முறிக்கப்பட்டமைக்கான காதி நீதிமன்றச் சான்றை அனுப்பிவைக்கவும். புதிய சம்பந்தம் வேகமானது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.'

ஹில்மி வீட்டுக்கு வந்தபோது அவனுடைய உடுப்பு, வலை, தொப்பி எல்லாம் முற்றத்தில் கிடந்தன.

"வேகமானதாம்! யாரு அந்த வேகமானவ?" றம்லாவின் குரல் மூன்றாவது வீடுவரை போனது. "போட்டுக்குக் காப்பக் கழட்டித் தந்த நான் ஒங்களுக்குப் பழைய சம்பந்தமா?"

"அல்லாவே, அது டிஸ்க்குப் புள்ள! நாப்பது ஊசி..."

"ஊசியா? ஊசி குத்தித்தான் ஒங்கள மயக்கி வச்சிரிக்காளா?"

அவன் ஏழு ஊசி, நாற்பது ஊசி, எஜமான், அடிமை என்று சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் இரண்டு பேரும், முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம் போனார்கள். காதியார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் தரமும் வாசித்தார்.

"மகன், நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க," என்றார். "இது புருசன் பொண்டாட்டி வழக்கில்ல. அந்தச் சபைக்கும் புத்திக்கும் நடந்த தலாக்கு. அத விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

இந்தக் கதையில் சரியாகத் தீர்ப்புச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பணிப்பாளருக்கும் இது வெட்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று, தலைமைக் காரியாலயத்தில் இருந்த ஒரு தமிழ் உத்தியோகத்தருக்கு நேரடியாக எழுதினார். 'விடயம்: எத்தாளை ஹில்மி – தற்காலிக இணைப்பு நியமம். அங்கீகரித்து உதவவும்.' ஹில்மியின் விடயத்துக்கு மட்டும் தற்காலிகமாக ஒரு இணைப்பு முறையை அனுமதியுங்கள் என்பதுதான் பொருள். கொன்வேட்டரை இந்தச் சொல்லுக்குள் ஒளித்து உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று தக்ஷாயினி சொல்லிக் கொடுத்திருந்தாள். நல்ல யோசனைதான்.

கொழும்பில் இருந்த தமிழ் உத்தியோகத்தர் நல்ல தமிழறிவு உள்ளவர். நியமம் என்ற சொல்லைப் பார்த்ததும், தட்டச்சில் ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். சிவப்பு மையால் நடுவில் ஒரு 'ன' போட்டார். நியமம் நியமனமானது.

ஏப்ரல் தொடக்கத்தில் எத்தாளை ஹில்மிக்குத் தற்காலிக இணைப்பு நியமனம் வந்து சேர்ந்தது. பதவியின் பெயர்: இணைப்பு.

ஊர் கொண்டாடியது. றம்லா அயல்வீடுகளுக்கெல்லாம் வட்டிலப்பம் அனுப்பினாள். அரசாங்க உத்தியோகம் என்றால் லேசா? நேற்றுவரை "ஹில்மி" என்றவர்கள் "சேர்" என்றார்கள். அவள் அவனுக்கு ஒரு நீளக் காற்சட்டை தைப்பித்து, மடிப்புக் கலையாமல் ஸ்திரி போட்டு வைத்தாள். ஹில்மி மட்டும் நியமனக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரிடம் ஓடினான்.

"சேர், எனக்கு வேல வேணாம். தகடு தாங்க, நான் கடலுக்குப் போகணும்."

"தலைமைக் காரியாலயம் ஒருவரை இணைப்பாக நியமித்தால் அவர் இணைப்புத்தான்," என்றார் பணிப்பாளர். "இதில் எனக்கு ஒரு தெளிவும் கிடைக்கிறது. நாம் இவ்வளவு நாளும் வயரைப் பற்றியே யோசித்தோம். மனிதனைப் பற்றி யோசிக்கவில்லை. அது நமது தவறு."

களஞ்சிய அறையில் தண்ணீர் வடிகட்டிக்கு முட்டுக்கொடுத்திருந்த இன்னொரு பழைய கணினியைக் கண்டுபிடித்தார்கள். அதில் நாற்பது ஊசிப் பெட்டியை மாட்டியதும் விபரங்கள் திரையில் வந்தன. அதிலிருந்து வெளியே அனுப்ப வழி எதுவும் இல்லை, பார்க்க மட்டும் முடியும். புதுக் கணினி மேல்மாடியில். இரண்டுக்கும் நடுவில் மாடிப்படி. படியில் ஹில்மி.

வேலை இதுதான். கீழே திரையில் ஒரு வள்ளத்தின் விபரத்தைப் பார்க்க வேண்டும். மனதில் வைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். தக்ஷாயினியிடம் சொல்ல வேண்டும். அவள் புதுக் கணினியில் பதிவாள். பிறகு இறங்கி அடுத்த வள்ளம்.

"கடதாசில எழுதிட்டுப் போகவா சேர்?"

"எழுதினால் அது கடிதம். கடிதத்துக்குப் பதிவு இலக்கம் வேண்டும்."

"அப்ப மேல உள்ள கம்ப்யூட்டரக் கீழ கொண்டு வரலாமே?"

"அது இடமாற்றம். இடமாற்றச் சபை வருட முடிவில்தான் கூடும்."

"ரெண்டு மூணு போட்ட ஒண்டாச் சொன்னா?"

பணிப்பாளர் முகம் சுளித்தார். "தம்பி, ஒன்றன்பின் ஒன்றாகப் போவதுதான் புதிய நியமத்தின் அழகு."

ஹில்மி ஏறினான், இறங்கினான். படியின் நடு வளைவில் ஒரு சன்னல். ஒவ்வொரு தடவையும் அதனால் கடல் தெரியும். தகடு கிடைத்த வள்ளங்கள் வரிசையாக வெளியே போவதும், மத்தியானம் பாரத்தோடு திரும்புவதும் தெரியும். அந்த இடத்தில் அவன் கால் தானாக நின்றுவிடும். நின்றால் இலக்கம் மறந்துவிடும். மறந்தால் மறுபடி கீழே.

வழியில் யாராவது "அஸ்ஸலாமு அலைக்கும் சேர்" என்றால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பதில் சொன்னால் என்ஜின் இலக்கம் பறந்துவிடும். இப்படிப் பல வள்ளங்கள் படியிலேயே தொலைந்தன. பணிப்பாளர் அதற்கும் பரிகாரம் கண்டார். மறுநாள் படிச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது: 'இணைப்புடன் கதைக்க வேண்டாம்.' சிவகரனின் சங்கம் உடனே மேலதிகக் கோரிக்கை வைத்தது. பழைய நியமப்படி இணைப்புக்கு நாற்பது பேர் இருக்க வேண்டும், ஆகவே மீதி முப்பத்தொன்பது பேரையும் நியமிக்க வேண்டும். கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது.

வீட்டில் றம்லா அவன் காலுக்குச் சித்தாலேப்பைக் களிம்பு தடவினாள்.

"கடல்ல கஷ்டப்பட்டதுக்கு இது நல்லந்தானே? பென்ஷன் வரும். நெழல்ல வேல."

"புள்ள, நான் ஒரு நாளைக்கு எத்தன போட்டத் தூக்கிட்டு மேல ஏறுறன் தெரியுமா? ஒண்டாவது நனஞ்சிதா?" அவன் கையை அவளுக்கு முன் நீட்டினான். "என்ட கைல மீன் மணமே போயிட்டு."

றம்லா அவனுடைய கையை எடுத்து மணந்து பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் பென்ஷன் கதை எடுக்கவில்லை.

வள்ளங்கள் பெயரின் அகர வரிசையில் இருந்தன. 'றம்லா'வுக்கு 'ற' என்பதால் ஏறக்குறைய கடைசியில்தான் வரும். அவன் 'ம'வைத் தாண்டும்போதே மே பிறந்துவிட்டது. காலையில் காற்றின் வாடை மாறுவது கரைக்காரனுக்கு மூக்கில் தெரியும். அவன் படிகளை இரண்டு இரண்டாகத் தாவினான். இணைப்பின் வேகம் கூடியிருப்பதாகப் பணிப்பாளர் தலைமைக் காரியாலயத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

ஒரு காலை 'ர'வில் நின்றபோது திரையில் தன் பெயரையே கண்டான். அந்தக் காலத்தில் யாரோ ஒரு லிகிதர் 'ற'வை 'ர' என்று தட்டியிருக்கிறார். ரம்லா, எத்தாளை, உரிமையாளர் ஹில்மி. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்திக்கொண்டு மேலே ஓடினான். மேல்படியில் பணிப்பாளர் நின்றார்.

"எந்த வள்ளம்?"

"என்டது சேர்! என்டது!"

பணிப்பாளர் அவன் வாயைக் கையால் பொத்தினார். "சொல்லாதீர்கள். நீங்கள் சபை உத்தியோகத்தர். சொந்த வள்ளத்தின் விபரத்தை நீங்களே சுமந்து வந்தால் அதற்குப் பெயர் ஊழல். நான் முப்பது வருடம் சுத்தமாக இருந்தவன்."

ஹில்மி படியிலேயே குந்திவிட்டான். அழவில்லை. அழுகைக்கு முன் வரும் அந்த வெறும் பார்வைதான் இருந்தது. தக்ஷாயினி அதைக் கண்டாள். யாரையும் கேட்காமல் கீழே இறங்கிப்போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்து, கணினியில் அடித்து, இயந்திரத்தில் தகட்டை அச்சடித்து எடுத்தாள். பணிப்பாளர் வாயைத் திறந்தபோது, "சேர், நான் மாற்று இணைப்பு. ஒரு நாள் லீவுக்கு ஆள் போடுறதுதானே வழக்கம்," என்றாள். வழக்கம் என்ற சொல்லுக்குப் பணிப்பாளரிடம் மறுப்பு இருந்ததில்லை.

தகடு சூடாக இருந்தது. ஹில்மி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"தகடு தரலாம்," என்றார் பணிப்பாளர். "ஆனால் தாபன விதிப்படி சபை உத்தியோகத்தர் கடற்றொழில் செய்ய முடியாது."

"அப்ப என்னக் கழட்டி விடுங்க சேர்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் கழற்றுவது என்பது தொழில்நுட்பச் சொல். நியமத் தெரிவுக் குழு அன்றே அவசரமாகக் கூடியது. ஹில்மியை மேசைக்கு முன் கதிரையில் இருத்தினார்கள். பணிப்பாளர் எழுந்து நின்றார்.

"புதிய நியமத்து இணைப்பை, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கழற்றலாம். பழைய நியமத்து இணைப்பை, மின்சாரத்தை முற்றாக நிறுத்திய பிறகுதான் கழற்றலாம். மின்சாரம் உள்ளபோது கழற்றினால் சபை எரிந்துபோகும். ஆகவே நம் முன் உள்ள கேள்வி ஒன்றே. ஹில்மி பழையவரா, புதியவரா?"

"வயசு நாப்பத்தாறு," என்றார் சங்கத்தின் சார்பில் குழுவுக்கு வந்திருந்த சிவகரன். "பழையவர். அவர் போக முடியாது. போனால் இன்னொருவரின் மேல் பாரம் ஏறும்."

"ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கொண்டுவந்தார். அது புதிய முறை," என்றாள் தக்ஷாயினி.

"உமக்கு எத்தனை விரல்?" என்று ஒருவர் கேட்டார்.

"கையும் காலும் சேத்து இருவது."

"நாற்பதும் இல்லை, ஏழும் இல்லை." குழு பெருமூச்சு விட்டது. பணிப்பாளர் வருந்தினார். "பார்த்தீர்களா, தம்பி? இதனால்தான் நான் ஆரம்பத்திலேயே நியமத்தைத் தீர்மானிக்கச் சொன்னேன். தீர்மானம் வரும்வரை நீங்கள் மாட்டப்பட்ட நிலையிலேயே இருப்பீர்கள். எனக்கும் உங்களைப் போல ஒரு ஆசை இருந்தது. சங்கீத ஆசிரியராகப் போக விரும்பினேன். என்னையும் யாரும் கழற்றவில்லை."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. ஹில்மிக்கு முதல்முறையாக அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது. அந்த நேரத்தில்தான் மின்விசிறி மெதுவாகி நின்றது. விளக்கு அணைந்தது. மேலே புதுக் கணினியும் கீழே பழைய கணினியும் ஒன்றாக வாயை மூடின. கரண்ட் போய்விட்டது.

ஹில்மி மின்விசிறியைப் பார்த்தான், பணிப்பாளரைப் பார்த்தான். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தான்.

"அப்ப நான் பழசு சேர்," என்றான்.

தகட்டைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வெளியே போனான். விதிப்படி அதில் பிழை ஒன்றும் இல்லை. பணிப்பாளரே விலகி வழிவிட்டார்.

கரண்ட் திரும்பி வந்ததும் சபை சும்மா இருக்கவில்லை. இணைப்பு ஒன்று வெற்றிடமாகிவிட்டது. பின்னேரமே பள்ளிவாசல் மதிலிலும் பஸ் தரிப்பிடத்திலும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. 'இணைப்பு – நிரந்தரப் பதவி. ஓய்வூதியம் உண்டு. படி ஏறக்கூடிய தேகநலம் வேண்டும்.'

அடுத்த நாள் விடிந்தபோது ஹில்மி வள்ளத்தடியில் நின்றான். தகட்டை அறைந்துவிட்டான். என்ஜின் ஏற்றிவிட்டான். வலையை றம்லா ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தாள். கடல் இன்னும் போகக்கூடிய கடல்தான், ஆனால் தென்மேற்கு மூலையில் ஒரு கலங்கல் நின்றது. இன்றைக்கு ஒரு வலை போட்டு எடுத்துவிடலாம். வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க நாலு ஆள் வேண்டும். கரையில் எந்த நேரமும் ஆள் இருக்கும். அன்றைக்கு ஒருவரும் இல்லை.

பதுர்தீன் வந்தான். வெள்ளைச் சட்டை, மடிப்பு எடுத்த காற்சட்டை, கையில் சான்றிதழ் உறை. சப்பாத்துக்குள் மணல் போகாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான்.

"கோவிச்சிக்காத மச்சான். எல்லாரும் சபைக்குத்தான் போயிட்டாங்க. நானும் அப்ளிகேஷன் போட்டுப் பாக்கிறன்."

"இண்டைக்கு ஒரு நாள் வா பதுர்தீன். இண்டைக்கு மட்டும்."

"கடல் எங்க போகப் போகுது?"

"கடல் போகாது. காத்து வரும்."

பதுர்தீன் தலை குனிந்தான். அவனுக்கும் காற்றைத் தெரியும். "நீ ஒருக்கா சேர் ஆகிட்டாய். எங்களுக்கும் ஆச இரிக்காதா?" என்றான். பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான். "ஒண்டு சொல்லு. இன்டர்வியூல பழைய நியமமா புதிய நியமமா எண்டு கேட்டா என்ன சொல்ற?"

ஹில்மிக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன் இருபது வருடம் ஒரே வலையைப் பிடித்த ஆள்.

"பழசு எண்டு சொல்லு," என்றான். "கரண்ட் போற நாளையிலயாவது வெளிய வரலாம்."

பதுர்தீன் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினான்.

ஹில்மி வள்ளத்தின் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். றம்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபக்கம் தோள் கொடுத்தாள். பிஸ்மி சொல்லித் தள்ளினார்கள். வள்ளம் அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி தள்ளினார்கள். மணல்தான் காலுக்கடியில் பின்னால் போனது.

"இன்னம் ரெண்டு பேர் வேணும்," என்றாள் றம்லா.

"சபை வாசல்ல வரிசை முடிய வருவாங்க," என்றான் ஹில்மி. சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி, முகத்தை வள்ளத்தின் விளிம்பில் வைத்து அழுதான். றம்லா அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் சோளகம் தொடங்கியது.